முறைக்காய்ச்சல்

அந்தமானின் ஜிர்காடாங்கில் கான்வாய்க்காகக் காத்து நிற்கும் வரிசையில் எல்லா வண்டியும் ஒன்றுதான். அரசு பஸ், வாழைத்தார் ஏற்றிய டெம்போ, சுற்றுலாக்காரர்களை அடைத்துக்கொண்ட இன்னோவா, இவற்றுக்கு நடுவே தரையோடு தரையாகக் குனிந்து நிற்கும் என்னுடைய சிவப்புக் கார். கேட் திறந்தால் போலீஸ் காவலோடு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் ஊர வேண்டும். முந்தக் கூடாது, நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, கண்ணாடியை இறக்கக் கூடாது. மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரும்வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம் ஜாரவாப் பழங்குடி மக்களின் காடு. என் காரின் ஸ்பீடோமீட்டரில் 260 வரை எண் போட்டிருக்கிறது.

அந்தக் காட்டின் நடுவில்தான் முதல் தடவை வந்தது. ரங்கத்தில் ஒரு கல்யாணம். பின்சீட்டில் அம்மா, பக்கத்தில் மனைவி. பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது மணி அடித்துச் சிவப்பு விளக்கு எரிந்தது. இஞ்சின் சூடு எல்லை மீறிவிட்டது, உடனே நிறுத்து என்று திரையில் எழுத்து. நிறுத்து என்கிறது கார். நிறுத்தாதே என்கிறது சாலையோரப் பலகை. எப்போதோ யாரோ சொன்னது ஞாபகம் வந்து ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் போட்டேன். காருக்குள் இருக்கும் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இஞ்சினின் வெந்நீர் அதற்குள்ளும் ஓடுகிறது. ஏப்ரல் மாத அந்தமானில், ஏற்றிய கண்ணாடிகளுக்குள், இஞ்சினின் சூட்டை நாங்கள் மூவரும் உடம்பில் வாங்கிக்கொண்டோம். “ஏன்டா, கல்யாணத்துக்குத்தான போறோம்?” என்றார் அம்மா. விளக்கு அணைந்தது. படகுத்துறையில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, சற்று நேரம் கழித்து மறுபடி கிளப்பினால் ஃபேன் கம்பீரமாகச் சுற்றுகிறது. முள் நட்ட நடுவில். ஒழுக்கு இல்லை, ஆவி இல்லை. போகும் வழியில் நடந்தது ஏதோ நாங்கள் கட்டிய கதை போல ஆகிவிட்டது. ரங்கத் போய்த் திரும்பி வந்தோம். பிறகு 17 நாட்கள் ஒன்றுமே இல்லை.

இந்த மாதிரிக் கார் இந்தத் தீவில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. பள்ளிக்கூட நாட்களில் சோழவரம் பந்தயப் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்தவன், ஐம்பது வயதில் கையில் கொஞ்சம் பணம் வந்ததும் சென்னையில் ஒரு பழைய டர்போ காரை வாங்கிக் கப்பலில் ஏற்றினேன், அவ்வளவுதான். மூன்று நாள் கடல். ஸ்ரீ விஜய புரம் என்று 2024இல் பெயர் மாற்றிய ஊரை நாங்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறோம். அந்த ஊரில் இந்தக் கார் ஐந்தாம் கியரைப் பார்ப்பதே அபூர்வம். ஜிர்காடாங் சாலையைப் பற்றி வேறொரு உறுத்தலும் எனக்கு உண்டு. ஜாரவாக் காட்டின் வழியே போகும் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது. இன்றும் அதில் வண்டிகள் ஓடுகின்றன. என்னுடையதும்.

18ஆம் நாள் மறுபடி வந்தது. பிறகு ஒன்பது நாள் கழித்து. பிறகு ஒரே நாளில் இரண்டு தடவை. பிறகு ஒரு மாதம் சத்தமே இல்லை.

விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்குத் தமிழில் முறைக்காய்ச்சல் என்று பெயர். முறை வைத்துக்கொண்டு வருவது. ஆற்றுப் பாசனத்தில் முறைத்தண்ணீர் வருகிறதே, அதுபோல. மலேரியா என்ற சொல் நம்மிடம் புழங்குவதற்கு முன்பே அந்த நடுக்கத்துக்கு இருந்த பெயர் இது. இந்தத் தீவுகளுக்கு அது நன்றாகவே தெரியும். ஆங்கிலேய அதிகாரி ஆர்ச்சிபால்டு பிளேர் 1789இல் சாத்தம் தீவில் ஒரு குடியேற்றத்தைத் தொடங்கினார். 1792இல் அதை வட அந்தமானுக்கு மாற்றினார்கள். நோயும் சாவும் தாங்காமல் 1796இல் எல்லாவற்றையும் கைவிட்டுக் கப்பலேறினார்கள். 1858இல் கைதிகளோடு திரும்பி வந்தபோதும் சதுப்பும் காய்ச்சலும் அங்கேயேதான் காத்திருந்தன.

முறைக்காய்ச்சலின் கொடுமை, வைத்தியர் வரும் நேரத்தில் நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பான் என்பது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. தானாகவே போய்த் தானாகவே வரும் நோய்க்கு எந்த மருந்தும் பலிக்கும். வேப்பிலை அடித்தாலும் போகும், தாயத்துக் கட்டினாலும் போகும், சும்மா இருந்தாலும் போகும். போன அன்று யார் கட்டில் பக்கத்தில் நின்றாரோ அவருக்குப் புகழ். மறுபடி வந்தால் அது வேறு காய்ச்சல், நோயாளி பத்தியம் காக்கவில்லை. நீலகிரியில் 1860களில் சிங்கோனா மரம் பயிராகி, நடுவட்டத்துப் பட்டையிலிருந்து உண்மையான மருந்து இறங்கியபோது, அதுவும் இத்தனை பொய் வெற்றிகளோடு போட்டியிட வேண்டியிருந்திருக்கும்.

என் காருக்கும் அப்படித்தான் நடந்தது. முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட் என்றார்கள். சென்னையிலிருந்து விமானப் பார்சலில் வந்தது, மாட்டினார்கள், இரண்டு வாரம் நன்றாக ஓடியது. எல்லோரிடமும் அந்தப் பையன்களைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். பிறகு வந்தது. அடுத்த இடத்தில் வாட்டர் பம்ப் என்றார்கள். இந்த வகை இஞ்சின்களில் பம்ப்பின் பிளாஸ்டிக் இறக்கை தண்டிலிருந்து நழுவிச் சுற்றாமல் நின்றுவிடுவது உலகம் முழுக்கத் தெரிந்த வியாதி, ஆகவே நியாயமான சந்தேகம். அது கப்பலில் வர வேண்டியிருந்தது. கப்பல் தாமதம். பிறகு புயல் சின்னம். மாட்டிய பிறகு 23 நாள் தேறியது. அதற்குப் பிறகு ரேடியேட்டர் மூடி. அது ஒன்பது நாள். ஒவ்வொரு பழுதுபார்ப்பும் வெற்றி. கார் மட்டும் குணமாகவில்லை.

டாலிகஞ்ச் பக்கம் தகரக் கொட்டகை போட்டிருக்கும் அண்ணனிடம் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். அறுபதைத் தாண்டியவர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து கச்சால் தீவின் ரப்பர்க் காட்டில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். 2004 சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேர். தொழில் கற்றது கார்களில் இல்லை, ஜங்லிகாட் டோங்கிகளில். டோங்கி என்பது இங்கே மீன்பிடிப் படகு. என் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பானெட்டைத் திறக்கக் குனிந்தேன். “திறக்காதீங்க சார்” என்றார்.

டீ வந்தது. எப்போதெல்லாம் சூடாகிறது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். கையை உயர்த்தினார். “எப்ப வருதுன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. எப்ப வரலைன்னு சொல்லுங்க.”

என்னால் சொல்ல முடியவில்லை. நன்றாக இருந்த நாட்களை யார் குறித்து வைக்கிறார்கள்? அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்து, ஒரு மாதம் எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். எங்கே போனேன், எவ்வளவு நேரம், மழையா வெயிலா, ஏசி உண்டா, எங்கே நின்றேன், எதைத் தொட்டேன். வந்த நாளும் எழுத வேண்டும், வராத நாளும். “வராத நாள முக்கியமா எழுதுங்க. வந்த நாளு எப்படியும் உங்களுக்கு மறக்காது.” ஏசி போட்டால் முள் ஏறுகிறதா பார்க்காதீர்கள், அந்த முள் பொய் சொல்லும் என்று சொல்லி, டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகிக் கொடுத்தார்.

முள் பொய் சொல்வது உண்மைதான். இக்காலக் கார்கள் பலவற்றில் சூடு காட்டும் முள், உண்மையான வெப்பத்தைக் காட்டுவதில்லை. 75, 80 டிகிரியிலிருந்து 105, 110 வரை எதுவாக இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி கம்பெனியில் எழுதியே வைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் பதறக்கூடாது என்று. முள் அசைந்துவிட்டால் பதறுவதற்குக்கூட நேரம் இருக்காது. படகுக்காரனுக்கு இந்தக் கவலை இல்லை என்பார் அண்ணன். வெளியில் மாட்டும் மோட்டாரின் பக்கவாட்டில், குளிர்விக்க உள்ளே போன கடல்நீர் மெல்லிய தாரையாகப் பீய்ச்சி வெளியே விழுந்துகொண்டிருக்கும். மீன் பிடிக்கிறவன் ஒரு கண்ணை அதிலேயே வைத்திருப்பான். தாரை மெலிந்தால் இஞ்சினை அணைத்துவிடுவான். குழந்தை ஒன்றுக்குப் போவதைப் பார்த்துத் தாய் அதன் உடம்பைத் தெரிந்துகொள்வதுபோல. காரில் எல்லாமே மூடி மறைந்து, ஒரு முள்ளாகச் சுருங்கி, அந்த முள்ளும் இங்கிதம் கற்றுக்கொண்டது.

ஒரு மாதம் எழுதினேன். எழுத எழுத அந்தக் கார் எனக்குப் புதிதாகத் தெரிந்தது. எரியும் பெட்ரோலின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. இன்னொரு பங்கை இஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் சுமந்துபோய்க் காற்றில் கொட்ட வேண்டும். அழுத்தம் தாங்கும் மூடி இருப்பதால் அந்த நீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாகக் கொடுத்தால் 120 வரை பொறுக்கும். மலைப் பாதையில் பழைய பஸ்ஸின் மூடியைச் சாக்கு போட்டுத் திறந்தவர்கள் முகத்தில் வெந்நீர் பீறிட்டது இதனால்தான்: மூடி இருக்கும்வரை அடங்கியிருந்தது, திறந்த கணத்தில் கொதித்தது. 1900ஆம் ஆண்டு வாக்கில் வில்ஹெல்ம் மைபாக் ஆயிரக்கணக்கான குட்டிக் குழாய்களைத் தேனடை போல அடுக்கி ரேடியேட்டர் செய்தார். அதன் பிறகுதான் கார்கள் பானை பானையாகத் தண்ணீர் சுமப்பதை விட்டு வேகம் எடுத்தன. ஆனால் அந்த ஏற்பாடு முழுக்கவே எதிர்க்காற்றை நம்பியது. என் காரின் மூக்கில் ஏசிக்கு ஒன்று, டர்போவுக்கு ஒன்று, இஞ்சினுக்கு ஒன்று என்று மூன்று அடுக்கு. ஜெர்மானிய நெடுஞ்சாலையில் காற்று தானாக வந்து மோதும். இங்கே பஸ்ஸுக்குப் பின்னால் 20 கிலோமீட்டரில் ஊரும்போது, அந்த மூன்று அடுக்குக்கும் மூச்சுக் கொடுக்க இருப்பது ஒரே ஒரு மின்விசிறி. வேகத்துக்காகச் செய்த கார், தீவில் முழுக்க முழுக்க அந்த விசிறியின் தயவில் வாழ்கிறது.

இது விசிறியைச் சுட்டுகிறது என்று எனக்கே புரிந்தது. ஆனால் விசிறியைச் சோதிக்காத ஒர்க்‌ஷாப் இல்லை. நேராகக் கரண்ட் கொடுத்தால் சுற்றும். ஸ்கேனரில் கட்டளை கொடுத்தாலும் சுற்றும்.

காமிலோ கோல்ஜி என்ற இத்தாலிய மருத்துவர் 1886 வாக்கில் முறைக்காய்ச்சலுக்குச் செய்ததும், அண்ணன் சொன்னதுபோல, வராத நேரத்தைக் கவனித்ததுதான் என்று பின்னால் படித்தேன். காய்ச்சல் அடிக்கும் நேரத்தில் மட்டும் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவர் நிற்கவில்லை. இடைப்பட்ட மணிநேரங்களிலும் எடுத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லாத நாட்களில் கிருமி சிவப்பணுவுக்குள் அமைதியாக வளர்ந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒருசேரப் பிளந்து வெளியேறும் வேளையில் நடுக்கம் வந்தது. ஒரு வகைக்கு 48 மணி நேரம், இன்னொன்றுக்கு 72. நல்ல நாள் என்று நினைத்ததும் நோயின் நாள்தான். எங்கள் அண்ணனுக்குக் கோல்ஜியைத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

நோட்டை அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்ததுபோல் பத்திரிகை ஆசிரியர் எவரும் என் எழுத்தைப் படித்ததில்லை. விரலை வைத்து வரி வரியாக. மழை நாட்களில் வந்ததே இல்லை. சிடியா டாப்புக்குப் போன மூன்று தடவையும் வரவில்லை, அது ஓட்டமாக ஓடும் சாலை. வெயிலில், நின்று நின்று ஊர்ந்தால் வருகிறது, ஆனால் எப்போதும் இல்லை. பிறகு ஒரு வரியில் விரல் நின்றது. பின்னால் புரட்டினார், முன்னால் புரட்டினார்.

“பானெட்டத் தொறந்த நாளெல்லாம் நல்லா இருக்கு பாருங்க.”

இருந்தது. பெட்ரோல் பங்க்கில் திறந்து பார்த்தால் பத்து நாள் நிம்மதி. வாஷருக்குத் தண்ணீர் ஊற்றினால் ஒரு வாரம். ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பும் என்ன மாட்டியிருந்தாலும், கடைசியில் செய்த வேலை ஒன்றுதான்: பானெட்டை ஓங்கிச் சாத்தியது. அந்த அதிர்ச்சிதான் மருந்து. நாங்கள் பார்த்ததுதான் குணப்படுத்தியது. குணப்படுத்தியதால் பார்க்க முடியவில்லை. காட்டின் நடுவில், இறங்கிப் பார்க்கக் கூடாத இடத்தில், அது தன் முழு உருவத்தோடு வந்ததில் ஆச்சரியம் என்ன?

அதற்குப் பிறகு அண்ணன் செய்ததை வேலை என்பதைவிடப் பொறி வைப்பது என்பேன். காரைக் குழியின் மேல் நிறுத்தி, பானெட்டைத் தொடாமல், அடியிலிருந்து கையை விட்டு விசிறியின் எர்த் முனையில் ஒரு கம்பியைச் சேர்த்து, அதை ஓட்டுநர் இருக்கைவரை இழுத்து, பாட்டரியின் மைனஸ் முனைக்கும் அதற்கும் நடுவே வோல்ட் மீட்டர் வைத்தார். இரண்டுக்கும் இடையே ஒன்றும் இருக்கக் கூடாது. பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். எர்த் சரியில்லை என்றால், விசிறி இழுக்கும் 20, 30 ஆம்பியர் அந்த அடைப்பில் முட்டி, மீட்டரில் எண் ஏறும். வண்டியை அணைத்துவிட்டு ஓம் மீட்டர் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. கம்பியில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அந்த மீட்டர் சரி என்று சொல்லிவிடும். சுமை ஏற்றினால்தான் தெரியும்.

எட்டு நாள் வரவில்லை. கீழேயிருந்து கையை விட்டதில் அதுவும் குணமாகிவிட்டதோ என்று பயந்தேன். ஒன்பதாம் நாள், சாத்தம் துறையில் பாம்பூ ஃப்ளாட் போகும் வண்டிப் படகுக்காக வெயிலில் நின்றோம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் பக்கத்து இருக்கையில் அரைத் தூக்கத்தில். மீட்டரில் 0.1 இருந்தது 0.6 ஆனது. பிறகு 2. பிறகு 4.5. முன்னால் விசிறியின் இரைச்சல் மெலிந்து, முனகலாகி, நின்றேவிட்டது. ஸ்கேனரில் 104, 107, 110. நான் ஏசியை அணைக்கப் போனேன். “இருங்க சார், ஒரு நிமிஷம், நல்லாப் பாத்துக்குவோம்” என்றார், ரொம்ப நாள் கழித்து ஊரிலிருந்து வந்தவரைப் பார்ப்பது போல. பிறகு கீழே இறங்கி, முன்னால் போய், பூட்டுக்கு மேலே பானெட்டை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். விசிறி உறுமிக்கொண்டு சுற்றியது. மீட்டர் 0.1. வரிசையில் பின்னால் நின்ற ஆட்டோக்காரர், பழைய டிவியைத் தட்டுவது மாதிரி இருக்கிறது என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

ரேடியேட்டருக்கு மேலே குறுக்குத் தகட்டின் அடியில் அந்த எர்த் போல்ட். வெளியே பார்க்கப் பளபளப்பாக இருந்தது. கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு ஏறி, செம்புக் கம்பியின் உறைக்குள்ளேயே ஒரு சாண் நீளம் தின்றிருந்தது. சூடு ஏறினால் முனை விரிந்து பிடி தளரும். மழை நாளில் சூடு ஏறாது. தட்டினால் உதிர்ந்து புது இடத்தில் தொடும். சைவ சித்தாந்தக்காரர்கள் உயிரையும் மலத்தையும் செம்பும் களிம்பும் என்பார்கள். களிம்பு எங்கிருந்தோ வந்து ஒட்டியது இல்லை, செம்பு என்று உண்டானதோ அன்றே அதுவும் உண்டு என்பது அவர்கள் கட்சி. குழியில் நின்று அந்தக் கம்பியைக் கையில் பிடித்தபோது மறுத்துப் பேச எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் அதை வெட்டி எறிந்துவிட்டு, படகுக்குப் போடும் கம்பியைப் போட்டார். ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசியது. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று பாட்டி காலத்துச் சமையலறைக்குத் தெரிந்ததை, கடலோரத்துக்கு அனுப்பும் காருக்கு அதைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை. தகட்டைச் சுரண்டி, புது முனை அழுத்தி, மேலே கிரீஸ் தடவினார். அரை மணி நேர வேலை. பொருளுக்கு நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது.

“எவ்வளவுண்ணே?”

“இப்ப எதுக்கு? சரியாயிருச்சுன்னு யாரு சொன்னா?”

நான் பார்த்தேனே என்றேன். தெர்மோஸ்டாட் மாட்டியபோதும் நீங்கள் பார்த்தீர்கள் என்றார். மழைக்காலம் முடியட்டும், அடுத்த ஏப்ரலில் ஜிர்காடாங் வரிசையில் ஏசி போட்டு நில்லுங்கள், ரங்கத் போய் வாருங்கள், அதுவரை பானெட்டைத் திறக்க வேண்டுமென்றால் மெதுவாக மூடுங்கள், பிறகு பேசலாம். நோட்டையும் திருப்பித் தந்தார். பாதிப் பக்கம் மிச்சம் இருந்தது.

பங்குனி உத்திரத்தன்று வெற்றிமலை முருகன் கோயில் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். காவடி போய்க்கொண்டிருந்தது. பல மாதம் ஆகியிருந்தது. ஒரு தடவைகூட வரவில்லை என்று சொல்லிப் பணத்தை எடுத்தேன். மேளச் சத்தத்தில் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

“இன்னும் ஏப்ரல் வரல சார்.”